தோசைக்கல்லில் மொறுமொறு சாண்ட்விச்!

"ராத்திரிக்கு என்னம்மா டிபன்?"

பள்ளிக்கூடம், டியூஷன், விளையாட்டு எல்லாம் முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதானே, குட்டீஸ்? கேட்பதற்கு மூன்றே வார்த்தை. பதில் சொல்பவருக்கோ ஒரு மணி நேர வேலை! அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட்டுக் களைத்து வருகிற நாளில், இட்லி மாவும் தீர்ந்து போயிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒன்று, பாக்கெட் நூடுல்ஸ். இல்லாவிட்டால், கடை பரோட்டா.

வாரத்தில் ஒரே ஒரு நாள், "இன்னிக்கு டிபன் என் பொறுப்பும்மா!" என்று நீங்கள் சொல்லிப் பாருங்களேன். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

என்ன செய்யலாம்? சூடான சாண்ட்விச் செய்யலாம்!

"எங்க வீட்டில் சாண்ட்விச் மேக்கர் இல்லையே?" என்கிறீர்களா? வேண்டாம், தோசைக்கல் போதும். "வெண்ணெய், சீஸ் எல்லாம் நிறைய வேண்டுமே?" அதுவும் வேண்டாம். பிசுபிசுப்பு இல்லாமல், வயிற்றுக்கு இதமாக, ஆனால் கடித்தால் 'மொறுக்' என்று சத்தம் வரும்படி சுடலாம். அதற்குக் கொஞ்சம் விஞ்ஞானம் தெரிய வேண்டும். வாருங்கள், பார்ப்போம்!

பெயர் வந்த கதை

இங்கிலாந்தில் கென்ட் என்ற மாவட்டத்தில் உள்ள ஒரு சிறிய ஊரின் பெயர்தான் சாண்ட்விச். அந்த ஊரின் பெயரைப் பட்டமாகக் கொண்ட பிரபு ஜான் மான்டேகு (1718 - 1792). சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், "இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் இறைச்சியை வைத்துக் கொண்டு வா" என்று வேலைக்காரரிடம் அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அவர் இங்கிலாந்துக் கடற்படைக்குத் தலைவராக இருந்தவர். அதனால், "சீட்டாட்டம் இல்லை, ஆபீஸ் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டே சாப்பிடத்தான் அப்படிக் கேட்டிருப்பார்" என்று சொல்லும் வரலாற்று ஆசிரியர்களும் உண்டு. எது எப்படியோ, 1762-ம் ஆண்டிலேயே எட்வர்ட் கிப்பன் என்ற புகழ்பெற்ற வரலாற்று ஆசிரியர் தன் நாட்குறிப்பில் 'சாண்ட்விச்' என்ற சொல்லை எழுதிவிட்டார்.

இன்னொரு விஷயம். கேப்டன் ஜேம்ஸ் குக் 1778-ல் ஹவாய் தீவுகளுக்குப் போனபோது, இதே பிரபுவின் நினைவாக அவற்றுக்கு 'சாண்ட்விச் தீவுகள்' என்று பெயர் வைத்தார்!

இப்போது நாம் கடையில் வாங்குகிறோமே, வரிசையாக வெட்டி அடுக்கிய ரொட்டி... அது முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1928-ம் ஆண்டு, ஜூலை 7-ம் தேதி. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் உள்ள சில்லிகாதி என்ற ஊரில். ரொட்டி வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் ஆட்டோ ரோவெடர். அதுவரை எல்லோரும் முழு ரொட்டியை வாங்கி, வீட்டில் கத்தியால் அறுத்துத்தான் சாப்பிட்டார்கள்.

மும்பை டோஸ்ட்

நம் நாட்டில் சூடான சாண்ட்விச்சுக்குப் பெயர் பெற்ற ஊர் மும்பை. அங்கே தெருவோரத்தில் சின்ன மேஜை போட்டு, காய்கறிகளைக் கோபுரம்போல அடுக்கி வைத்திருப்பார்கள். வேக வைத்த உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம், காரமான பச்சைச் சட்னி... எல்லாவற்றையும் இரண்டு ரொட்டிக்கு நடுவில் வைத்து, நீளமான கைப்பிடி உள்ள இரும்புப் பெட்டிக்குள் மூடி, நெருப்பின் மேல் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். 'டோஸ்ட் சாண்ட்விச்' தயார்!

உள்ளே இருப்பதெல்லாம் நல்ல காய்கறிதான். ஆனால் ரொட்டியின் உள்ளேயும் வெளியேயும் வெண்ணெயைத் தாராளமாகத் தடவிவிடுவார்கள். எப்போதாவது ஊருக்குப் போனால் சாப்பிடலாம். வாரா வாரம் வீட்டில் செய்வதற்கு நாம் கொஞ்சம் மாற்றிக்கொள்வோம்.

வெண்ணெய்க் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

ஒரு சாண்ட்விச்சில் இரண்டு ரொட்டித் துண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். மொத்தம் நான்கு பக்கம். பக்கத்துக்கு ஒரு டீஸ்பூன் வெண்ணெய் தடவினால் நான்கு டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் சுமார் 5 கிராம். ஆக, 20 கிராம் வெண்ணெய். 100 கிராம் வெண்ணெயில் சுமார் 720 கலோரி. அப்படியானால் 20 கிராமில் 144 கலோரி!

இப்போது நம் கணக்கு. உள்பக்கம் வெண்ணெயே கிடையாது. வெளிப்பக்கம் இரண்டுக்கும் அரை அரை டீஸ்பூன். மொத்தம் 5 கிராம். 36 கலோரிதான். நான்கில் ஒரு பங்கு!

"வெண்ணெயை அடியோடு விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ரொட்டியின் மேல்பாகத்தைக் கவனித்துப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். தோசைக்கல்லில் போட்டால் மேடு மட்டும்தான் கல்லைத் தொடும். பள்ளத்தில் காற்று நிற்கும். காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. அதனால் ஓர் இடம் கருகும், ஓர் இடம் வெள்ளையாகவே இருக்கும். மெல்லிய வெண்ணெய்ப் பூச்சு அந்தப் பள்ளங்களை நிரப்பி, வெப்பத்தைச் சமமாகக் கொண்டு சேர்க்கும். இந்த வேலைக்கு அரை டீஸ்பூன் போதும். அதற்கு மேல் போடுவதெல்லாம் ரொட்டி உறிஞ்சிக்கொள்ளத்தான்!

பொன்னிறம் எப்படி வருகிறது?

ரொட்டியில் கொஞ்சம் சர்க்கரையும் கொஞ்சம் புரதமும் இருக்கின்றன. சுமார் 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஏறும்போது இவை இரண்டும் வேகமாக வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் கமகம வாசனையையும் உண்டாக்குகின்றன. இதை 1912-ல் விளக்கியவர் லூயி கமீல் மெயிலார்டு என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. அதனால் இதற்கு 'மெயிலார்டு வினை' என்றே பெயர். தோசை முறுகலாவதும், முறுக்கு சிவப்பதும் இதே வினையால்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். ரொட்டியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100-ஐத் தாண்டுவது கஷ்டம். ஈரம் போனால்தான் பொன்னிறம் வரும். 'சாண்ட்விச் ஏன் சொதசொதவென்று போச்சு?' என்பதற்கான விடை இதுதான். தண்ணீர்தான் நம் எதிரி!

அதற்காகத் தீயை அதிகமாக வைத்துக் கருக விடக்கூடாது. மாவுப் பொருளை அதிகச் சூட்டில் சுடும்போது 'அக்ரிலமைடு' என்ற வேண்டாத ரசாயனம் உண்டாகிறது என்று 2002-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கருகக் கருக அது கூடும். எனவே பொன்னிறம் போதும், கறுப்பு வேண்டாம்.

ரொட்டி வாங்கும்போது...

பழுப்பாக இருப்பதெல்லாம் கோதுமை ரொட்டி என்று நம்பிவிடாதீர்கள். மைதா ரொட்டிக்கு 'கேரமல்' நிறம் சேர்த்தாலும் பழுப்பாகிவிடும். பாக்கெட்டைத் திருப்புங்கள். சேர்த்திருக்கும் பொருட்களின் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வரும். முழு கோதுமை மாவு முதலில் இருந்தால் நல்ல ரொட்டி. மைதா முதலில் இருந்தால், பாக்கெட் மேல் என்ன படம் போட்டிருந்தாலும் அது மைதா ரொட்டிதான்!

நேற்று வாங்கிய ரொட்டி இருந்தால் இன்னும் நல்லது. ஈரம் சற்றுக் குறைந்திருக்கும், வெட்டும்போது நசுங்காது. ஆனால் ஏதாவது ஓர் இடத்தில் பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் கிள்ளிப் போட்டுவிட்டுச் சாப்பிடக்கூடாது. பூஞ்சையின் நூல்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழு பாக்கெட்டையும் குப்பையில் போட்டுவிடுங்கள்.

என்னென்ன வேண்டும்?

(4 பேருக்கு, ஆளுக்கு 2 சாண்ட்விச்)

கோதுமை ரொட்டி - 16 துண்டு
கெட்டித் தயிர் - அரை லிட்டர்
வேக வைத்த உருளைக்கிழங்கு - 3
கேரட் - 2
வெள்ளரிக்காய் - 1
தக்காளி - 3
பெரிய வெங்காயம் - 1
வெண்ணெய் - 8 டீஸ்பூன்
மிளகுத்தூள், உப்பு - தேவைக்கு

சட்னிக்கு: புதினா ஒரு கைப்பிடி, கொத்தமல்லி ஒரு சின்னக் கட்டு, பச்சை மிளகாய் 2, பொட்டுக்கடலை 2 டேபிள்ஸ்பூன், அரை எலுமிச்சம்பழச் சாறு, உப்பு.

செய்வது எப்படி?

1. மாலையில் வந்ததுமே தயிரைச் சுத்தமான மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் தொங்கவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து, தயிர் வெண்ணெய்போல் கெட்டியாகிவிடும். சீஸுக்குப் பதில் இதுதான். வடிந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். மறுநாள் சப்பாத்தி மாவு பிசைய உதவும்.

2. சட்னிச் சாமான்களை மிக்ஸியில் கெட்டியாக அரைக்க வேண்டும். பொட்டுக்கடலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் தண்ணீர் விடாது. மிக்ஸி வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள்.

3. கேரட்டைத் துருவிக்கொள்ளுங்கள். கடைசித் துண்டு வரை துருவ வேண்டாம், விரல் பத்திரம்! உருளைக்கிழங்கு, வெள்ளரி, வெங்காயத்தை மெல்லிய வட்டங்களாக வெட்ட வேண்டும். தக்காளியை வெட்டியதும் விதையையும் சாற்றையும் வழித்துத் தனியே எடுத்துவிடுங்கள். அது ரசத்துக்கு ஆகும்.

4. வடித்த தயிரில் கேரட் துருவலும் மிளகுத்தூளும் சேர்த்துக் கலக்குங்கள். உப்பை இப்போது போடாதீர்கள். உப்பு பட்டதும் காய்கறி தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். ஊறுகாய் ஜாடியில் பார்த்திருப்பீர்களே!

5. இரண்டு ரொட்டித் துண்டுகளை எடுங்கள். ஒன்றில் சட்னி, ஒன்றில் தயிர்க் கலவை தடவுங்கள். நடுவில் உருளைக்கிழங்கு, வெள்ளரி, தக்காளி, வெங்காயம் அடுக்குங்கள். ஒரு சிட்டிகை உப்புத் தூவி, உடனே மூடுங்கள்.

6. வெளிப்பக்கம் இரண்டிலும் அரை அரை டீஸ்பூன் வெண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள்.

7. தோசைக்கல் மிதமாகச் சூடானதும் இரண்டு சாண்ட்விச்சுகளை வையுங்கள். தீ குறைவாகவே இருக்கட்டும். தோசைத் திருப்பியால் மெதுவாக அழுத்திக் கொடுங்கள். சுமார் மூன்று நிமிடம் கழித்து ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். பொன்னிறம் வந்திருந்தால் திருப்புங்கள். மறுபக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும். கல் சூடாக இருக்கிறதல்லவா!

8. எடுத்ததும் நேராகத் தட்டில் போடாதீர்கள். அடியில் ஆவி சேர்ந்து, மறுபடி ஈரமாகிவிடும். இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். துளைகள் வழியாக ஆவி போய்விடும். மொறுமொறுப்பு அப்படியே இருக்கும். இது எப்படி இருக்கு?

மீதியிலும் சாண்ட்விச்!

ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி செய்ய வேண்டியதில்லை. காலையில் செய்து, ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்த கேரட் - பீன்ஸ் பொரியல் இருக்கிறதா? ஈரம் போக வாணலியில் ஒரு முறை சூடாக்கி, உள்ளே வைத்துவிடுங்கள். கொண்டைக்கடலைச் சுண்டல் மிஞ்சியதா? கரண்டியால் மசித்து, எலுமிச்சைச் சாறு பிழிந்தால் போதும். முட்டை சாப்பிடுகிறவர்கள், அவித்த முட்டையை மசித்து, வடித்த தயிரும் மிளகும் சேர்க்கலாம். சுண்டலிலும் முட்டையிலும் புரதம் உண்டு. வளர்கிற வயதில் உங்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

சீஸ் இல்லாமல் தம்பி அழுகிறானா? ஒரு துண்டை அப்படியே வைக்காமல், துருவித் தூவுங்கள். பாதி அளவே எல்லா இடத்திலும் பரவிவிடும். சீஸிலேயே உப்பு இருப்பதால், அன்றைக்குத் தனியாக உப்பு வேண்டாம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. ரொட்டியிலும் உப்பு இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

'லைட்' என்றால் பட்டினி இல்லை!

ஒரு முக்கியமான விஷயம், குட்டீஸ். 'லைட்டான டிபன்' என்றால் குறைவாகச் சாப்பிடுவது என்று அர்த்தம் இல்லை. தேவைக்கு மேல் போகிற வெண்ணெயையும் உப்பையும் குறைத்து, அந்த இடத்தில் காய்கறியையும் தயிரையும் வைப்பதுதான் லைட். அவ்வளவுதான்!

வகுப்பில் யாரோ "குண்டு" என்று கேலி செய்தார்கள் என்பதற்காக இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். எலும்பும் மூளையும் வளர்கிற வயது இது. பசித்தால் சாப்பிட வேண்டும். உடம்பைப் பற்றி மனதில் கவலை இருந்தால் அம்மா, அப்பாவிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். அதேபோல் நண்பரின் உடம்பைப் பார்த்து நீங்களும் கேலி செய்யக்கூடாது. சரியா?

இரண்டு சாண்ட்விச்சோடு ஒரு டம்ளர் சூடான தக்காளி ரசம் குடித்துப் பாருங்கள். ஓட்டலில் தரும் சூப்பெல்லாம் தோற்றுப்போகும்! பிறகு ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ சாப்பிட்டால், வயிறு நிறைந்த முழுச் சாப்பாடு.

யார், எந்த வேலை?

8 முதல் 10 வயது வரை உள்ளவர்கள் காய் கழுவலாம், புதினா ஆயலாம், உருளைக்கிழங்கு தோல் உரிக்கலாம், சட்னி தடவலாம், அடுக்கலாம். அடுப்புப் பக்கம் வேண்டாம்.

11 வயதுக்கு மேற்பட்டவர்கள் தோசைக்கல்லில் சுடலாம். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். இது கட்டாயம். தொளதொள நைலான் உடை கூடாது. நீளமான கூந்தலைக் கட்டிக்கொள்ளுங்கள். முடிந்ததும் கேஸ் அடுப்பையும், சிலிண்டர் வால்வையும் மூடியாயிற்றா என்று பாருங்கள்.

தப்பித் தவறிக் கை சுட்டுவிட்டால்? உடனே குழாயைத் திறந்து, ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுங்கள். பேனா மை, இட்லி மாவு, பற்பசை, ஐஸ் கட்டி... எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்கக்கூடாது. பெரிய காயம் என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இன்னொன்று... பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்து வைப்பதும் டிபனில் சேர்ந்ததுதான். சமைத்துவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் அம்மா தலையில் கட்டினால், உதவி செய்ததாக ஆகுமா, சொல்லுங்கள்? இது அக்கா, தங்கைக்கு மட்டும் இல்லை. அண்ணன், தம்பிகளுக்கும்தான்!

நீங்களே சோதித்துப் பாருங்கள்!

அடுத்த முறை சுடும்போது ஒரு சின்னச் சோதனை. ஒரே அளவுள்ள மூன்று ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதுவும் தடவாதீர்கள். ஒன்றில் அரை டீஸ்பூன் வெண்ணெய். மூன்றாவதில் இரண்டு டீஸ்பூன். ஒரே தீயில், ஒரே நேரம் சுடுங்கள். எதில் நிறம் சமமாக வந்தது? எது அதிகம் மொறுமொறுத்தது? வீட்டில் உள்ளவர்களிடம் எது எது என்று சொல்லாமல் கொடுத்து, எது பிடித்தது என்று கேளுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள்.

விஞ்ஞானப் பாடமும் ஆயிற்று, ராத்திரி டிபனும் ஆயிற்று. எந்தக் கிழமை உங்கள் கிழமை என்று இன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்!